மூக்கு ரியூப் இரைப்பையில்தான் இருக்கிறதா? அளப்பதிலிருந்து கழற்றுவது வரை

பாரிசவாதம் வந்து விழுங்க முடியாமல் போனவரை வாட்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது அவர் மூக்கில் ஒரு ரியூப் இருக்கும், மகளின் கையில் ஒரு பெரிய சிரிஞ்ச் இருக்கும். என்ன கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது, எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருக்காக் கொடுப்பது என்றெல்லாம் சொல்லி விட்டிருப்பார்கள். ரியூப்பின் மறுநுனி இந்த நிமிடம் எங்கே கிடக்கிறது என்று எப்படிப் பார்ப்பது என்பதை மட்டும் அநேகமாக யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வாட்டில் நேர்ஸாக இருந்த காலத்தில் நானும் சொல்லவில்லை. டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நாளில் கட்டில் காலியாக வேண்டும், வாசலில் ஓட்டோ காத்து நிற்கும், அடுத்த நோயாளி பாயில் படுத்திருப்பார். அந்த அவசரத்தில் "கவனமாப் பாத்துக் குடுங்க" என்பதோடு முடித்துவிடுவோம். எதைப் பார்ப்பது என்று அவர்களும் கேட்கமாட்டார்கள்.

இப்போது மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிக்குடியைச் சுற்றி வீடுகளுக்குப் போய்ப் பார்த்துவருகிறேன். அங்கே தினம் கேட்கும் கேள்விகளை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ரியூப்பைப் போடுவதும், வெளியே வந்ததைத் திரும்ப உள்ளே விடுவதும் பயிற்சி எடுத்தவர்களின் வேலை. வீட்டில் இருப்பவரின் வேலை ஒவ்வொரு முறையும் சோதித்துப் பார்ப்பது. ஆனாலும் போடும் விதம் தெரிந்திருந்தால்தான் சோதிப்பது எதற்கென்று விளங்கும். அதனால் தொடக்கத்திலிருந்தே போவோம்.

தொண்டைக்குள் இரண்டு வழி

மூக்குக்குள் போன ரியூப் தொண்டையில் இறங்கியதும் இரண்டு வாசல்கள் வரும். முன்னால் இருப்பது மூச்சுக்குழாய். அதற்குப் பின்னால் ஒட்டிக்கிடப்பது உணவுக்குழாய், பள்ளிக்கூடப் புத்தகத்தில் 'களம்' என்று படித்தோமே, அதுதான். உணவுக்குழாய் சும்மா இருக்கும்போது சுருங்கிக் கிடக்கும், விழுங்கினால்தான் திறக்கும். மூச்சுக்குழாயோ மூச்சு விடுவதற்காக எப்போதும் திறந்தே இருக்கும். ஆக, ரியூப் வழி தவறுவதற்கு எல்லா வசதியும் உண்டு. தவறி இறங்கினால் பெரும்பாலும் வலது நுரையீரலுக்குத்தான் போகும், ஏனென்றால் வலப்பக்கக் கிளை அகலமானது, நேராகவும் இறங்குவது.

நல்ல சுகமான ஒருவருக்கு ரியூப் மூச்சுக்குழாயைத் தொட்டால் இருமித் துப்பிவிடுவார். ரியூப் தேவைப்படுகிற ஆளுக்கோ அந்த இருமல்தான் குறைந்திருக்கும். பாரிசவாதக்காரர், மயக்கத்தில் இருப்பவர், நன்றாகத் தளர்ந்த வயதானவர், இவர்களில் சிலருக்கு ரியூப் நுரையீரலுக்குள் போய்க் கிடந்தாலும் ஒரு செருமல்கூட வராது. "இருமவே இல்லையே, சரியாத்தான் போயிருக்கும்" என்று சொல்வதை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். இருமாதது ஒன்றையும் நிரூபிக்காது.

அளப்பது

எங்கள் பக்கம் அதிகம் பாவிப்பது ரைல்ஸ் ரியூப். ஜோன் ரைல் என்ற ஆங்கிலேய வைத்தியர் 1921இல் கொண்டுவந்தது, அவர் பெயரே நின்றுவிட்டது. நுனி மூடி உருண்டையாக இருக்கும், எக்ஸ்ரேயில் தெரிவதற்கும் பாரத்துக்கும் அதற்குள் சின்னக் குண்டுகள் இருக்கும், பக்கவாட்டில் துவாரங்கள். தடிப்பு வாய்ப்பகுதியின் நிறத்தில் தெரியும்: 14 என்றால் பச்சை, 16 என்றால் செம்மஞ்சள். அந்த எண்ணை மூன்றால் பிரித்தால் வெளிவிட்டம் மில்லிமீற்றரில் வந்துவிடும். 16 என்பது ஐந்து மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் மேலே.

அளக்கும் விதம் இது. ரியூப்பின் நுனியை மூக்கு நுனியில் வைத்து, காதுச் சோணைவரை இழுத்து, அங்கே விரலால் பிடித்துக்கொண்டு, நெஞ்செலும்பு முடிகிற இடம்வரை கீழே கொண்டுவர வேண்டும். நெஞ்செலும்பு முடியும் இடம் என்பது இரண்டு பக்க விலா எலும்புகளும் நடுவில் சந்திக்கும் குழிக்கு மேலே விரலில் தட்டுப்படும் கூர். அந்த மொத்த நீளத்தில் ரியூப்பில் ஒரு கோடு. பெரியவர்களுக்கு இது அநேகமாக 50 முதல் 60 சென்ரிமீற்றருக்குள் வரும்.

இங்கே இரண்டு தவறுகள் வழக்கமாக நடக்கும். முதலாவது, அளக்காமலே "பெரியாளுக்கு 55 போதும்" என்று விடுவது. மீன்பிடிக்கிற ஆறடி மனிதருக்கும், எழுபது வயதில் கூனிப்போன அம்மம்மாவுக்கும் ஒரே நீளம் எப்படி வரும்? இரண்டாவது, உடுப்புக்கு மேலால், படுத்திருக்கும்போது, தலையணை கழுத்தை மடக்கியிருக்கும்போது அளப்பது. அந்த அளவு உண்மையான நீளத்தைக் காட்டாது. சரியாக அளந்தாலும் இந்த முறை சிலருக்குக் கட்டையாகப் போவதுண்டு. நுனி இரைப்பையின் வாசலைத் தொட்டிருக்கும், பக்கத் துவாரங்களோ இன்னும் உணவுக்குழாய்க்குள்ளேயே நிற்கும். அப்படி நின்றால் கொடுக்கும் கஞ்சி மேலே வந்து தொண்டைக்குள் ஏறும். இதனால்தான் சில இடங்களில் அளவுக்கு மேல் சில சென்ரிமீற்றர் கூட்டிப் போடுகிறார்கள். எவ்வளவு கூட்டினாலும் அளவு என்பது ஒரு மதிப்பீடுதான். நுனி எங்கே நிற்கிறது என்பதைச் சோதித்துத்தான் சொல்லலாம்.

போடுவது

போடுமுன் ஒரு கேள்வி கட்டாயம்: தலையில் அடிபட்டவரா? மோட்டார்சைக்கிள் விபத்தில் வந்து, மூக்கால் அல்லது காதால் இரத்தமோ தெளிந்த நீரோ வடிந்தால் மண்டையின் அடித்தளம் உடைந்திருக்கலாம். அப்படிப்பட்டவருக்கு மூக்கு வழியாக ரியூப் விடவே கூடாது, அது மூளைப்பக்கம் போன சம்பவங்கள் வைத்திய இலக்கியத்தில் இருக்கின்றன. முகம் நசுங்கியவர், உணவுக்குழாய் சுருங்கியவர், அங்கே நாளம் புடைத்தவர் என்றால் டொக்டரைக் கேட்காமல் தொடுவதில்லை.

மற்றவர்களை நிமிர்த்தி இருத்தி, எந்த மூக்குத் துவாரத்தால் நன்றாகக் காற்று வருகிறது என்று ஒவ்வொன்றாகப் பொத்திப் பார்க்க வேண்டும். நுனியில் கொஞ்சம் ஜெல்லி பூசி, மூக்கின் அடித்தரையோடு நேரே பின்னால் விட வேண்டும். மேல்நோக்கி அல்ல. மூக்கின் துவாரம் மேலே போவது போலத் தெரிந்தாலும் பாதை காதை நோக்கிக் கிடைமட்டமாகத்தான் போகிறது. இது விளங்காத புதுப் பிள்ளைகள் மேலே குத்தி இரத்தம் வரவைப்பார்கள்.

தொண்டைக்கு வந்ததும் நாடியை நெஞ்சை நோக்கிக் குனியச் சொல்வோம். தலையை அண்ணாந்தால் மூச்சுக்குழாய் திறந்துகொள்ளும், குனிந்தால் உணவுக்குழாய்ப் பக்கம் வழி இலகுவாகும். விழுங்கக்கூடியவர் என்றால் எச்சிலை விழுங்கச் சொல்லி, ஒவ்வொரு விழுங்கலோடும் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது. தடைப்பட்டால் தள்ளுவதில்லை. இருமினால், மூச்சு வாங்கினால், குரல் போனால், உதடு நீலித்தால் உடனே வெளியே இழுத்து, ஆளை ஆறவிட்டுத் திரும்பத் தொடங்க வேண்டும். கோடு மூக்கு வாசலுக்கு வந்ததும் வாயைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்ப்போம். சிலவேளை ரியூப் உள்ளே போன மாதிரியே இருக்கும், வாய்க்குள்ளே பார்த்தால் பாம்பு சுருண்டது போலக் கிடக்கும். பல் இல்லாத வயதானவர்களுக்கு இது சாதாரணமாக நடக்கும்.

இப்போது ரியூப் உள்ளே இருக்கிறது. எங்கே இருக்கிறது என்று இன்னும் தெரியாது. அது தெரியும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடக்கூடாது.

காற்றடித்துக் கேட்பதை விடுங்கள்

சிரிஞ்சால் காற்றை அடித்து, வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்து "புஸ்" என்று கேட்டால் சரி. எனக்குப் படிப்பித்தது இதைத்தான். பல இடங்களில் இன்னும் இதைத்தான் செய்கிறார்கள். இந்தச் சோதனை பிழையானது. நுரையீரலின் அடிப்பாகமும் இரைப்பையும் ஒரு மெல்லிய தசைத்தகட்டுக்கு இரண்டு பக்கமும் இருக்கின்றன. நுரையீரலுக்குள் அடித்த காற்றின் சத்தம் வயிற்றிலும் கேட்கும், உணவுக்குழாய்க்குள் அடித்ததும் கேட்கும். பிரித்தானியாவின் நோயாளர் பாதுகாப்பு நிறுவனம் 2005ஆம் ஆண்டிலேயே இதை நிறுத்தச் சொல்லி எச்சரிக்கை வெளியிட்டது, 2011இல் திரும்பச் சொன்னது, 2016இல் அந்நாட்டுச் சுகாதார சேவை இன்னொரு எச்சரிக்கை விட வேண்டி வந்தது. இடம் மாறிய ரியூப்பால் உணவு கொடுப்பதை அங்கே ஒருபோதும் நடக்கக்கூடாத சம்பவங்களின் பட்டியலில் 2009இலிருந்து வைத்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் நடக்கிறது.

எனக்கும் நடந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓர் இரவுக் கடமை. ஒரு ஐயா ரியூப்பை இழுத்துப் போட்டுவிட்டார், திரும்பப் போட்டேன். காற்றடித்தேன், சத்தம் கேட்டது. கூட நின்ற மிஸ்ஸியும் கேட்டார், "ஓம், கேக்குது" என்றார். இருபது மில்லி தண்ணீர் விட்டேன். ஐயா இருமவே இல்லை, கண்ணை மட்டும் விரித்தார். விரலில் மாட்டியிருந்த கருவியில் 95 என்று நின்ற ஒட்சிசன் 90க்கு இறங்கி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 86 ஆனது. இழுத்து எடுத்துவிட்டு டொக்டரைக் கூப்பிட்டோம். தண்ணீரோடு நின்றதால் தப்பினார். பின்னால் ரொலியில் ஆறிக்கொண்டிருந்த முந்நூறு மில்லி கஞ்சியை இப்போதும் அடிக்கடி நினைப்பேன்.

ரியூப்பின் வாயைத் தண்ணீர்க் கோப்பைக்குள் வைத்துக் குமிழி வருகிறதா என்று பார்க்கும் வழக்கமும் அப்படித்தான். இரைப்பையிலும் காற்று இருக்கும், நுரையீரலில் நுனி அடைபட்டிருந்தால் குமிழி வராமலும் போகும்.

பிஎச் தாள்

இரைப்பையில் அமிலம் இருக்கிறது, நுரையீரலில் இல்லை. சோதனையின் அடிப்படை இவ்வளவுதான். ரியூப்பால் கொஞ்சம் திரவத்தை உறிஞ்சி, அமிலத்தின் அளவை நிறத்தால் காட்டும் பிஎச் தாளில் விட்டு, பெட்டியில் உள்ள நிறங்களோடு ஒப்பிட வேண்டும். எண் குறையக் குறைய அமிலம் கூட. 5.5 அல்லது அதற்குக் கீழே வந்தால் நுனி இரைப்பையில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு உணவு தொடங்கலாம். 5க்கும் 6க்கும் இடையில் நின்றால் இன்னொரு தெரிந்தவரையும் பார்க்கச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த இரண்டு நிறங்களும் குண்டுபல்ப் வெளிச்சத்தில் ஒன்று போலவே இருக்கும். பகலில் யன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பாருங்கள்.

தாள் 0.5 வித்தியாசத்தையும் காட்டுவதாக இருக்க வேண்டும். பாடசாலை ஆய்வுகூடத்தில் பாவிக்கும் பாசிச்சாயத்தாள் இதற்கு உதவாது. அது அமிலமா காரமா என்று மட்டும் சொல்லும். நுரையீரல் சளியும் சிலவேளை இலேசான அமிலமாக இருக்கும் என்பதால் அதை நம்பி உணவு கொடுத்தால் மாட்டிக்கொள்வோம்.

உறிஞ்சுவதில் ஒரு கைப்பக்குவம் இருக்கிறது. ஐம்பது அல்லது அறுபது மில்லி சிரிஞ்சைப் பாவியுங்கள். சின்னச் சிரிஞ்ச் பலமாக இழுக்கும், ரியூப்பின் துவாரம் இரைப்பைச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். மெதுவாக இழுங்கள். தாளுக்கு வேண்டியது அரை மில்லி, ஒரு மில்லிதான். ஒன்றும் வராவிட்டால் பதறத் தேவையில்லை. ஆளை இடப்பக்கம் சரித்துப் படுக்க வையுங்கள். இரைப்பை இடப்பக்கம் பள்ளமாகக் கிடப்பதால் திரவம் அங்கே வடிந்து சேரும். கால் மணியிலிருந்து அரை மணித்தியாலம் பொறுத்துத் திரும்ப இழுத்துப் பாருங்கள். இன்னும் வராவிட்டால் பத்து, இருபது மில்லி காற்றை மெதுவாக விட்டு இழுக்கலாம். இது துவாரத்தைச் சுவரிலிருந்து விலக்கத்தான், சத்தம் கேட்பதற்கு அல்ல. வாயைத் துடைத்துச் சுத்தம் செய்வதும் உதவும், வாய் நனைந்தால் இரைப்பையும் சுரக்கத் தொடங்கும். ரியூப்பைக் கூட்டி விடுவது, குறைத்து இழுப்பது எல்லாம் நேர்ஸ் செய்வது.

எண் பிழைக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. ஒமெப்ரசோல் மாதிரியான குளிசை குடிப்பவருக்கு இரைப்பையில் அமிலம் குறைவு. ரியூப் சரியான இடத்தில் இருந்தும் 6, 7 என்று காட்டும். பாலோ கஞ்சியோ கொடுத்த கையோடு பார்த்தாலும் அப்படித்தான், ஆகக் குறைந்தது ஒரு மணித்தியாலம் கழிய வேண்டும். புது ரியூப்பைப் போட்டுவிட்டுத் தண்ணீரால் கழுவிய பிறகு சோதித்தால் உள்ளே பூசியிருக்கும் வழுவழுப்பும் தண்ணீரும் கலந்து பொய்யான எண் வரலாம். ஆகவே முதலில் உறிஞ்சு, பிறகு தாள், அதற்குப் பிறகுதான் தண்ணீர்.

நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பவர்கள் இருக்கிறார்கள். இரைப்பையிலிருந்து வருவது புல் பச்சையாகவோ, திரைந்த பால் போலவோ, மண்ணிறமாகவோ இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் நெஞ்சுக்கூட்டுக்குள் தேங்கிய நீரும் வைக்கோல் நிறத்தில் வரும், சளியும் கலங்கலாக வரும். நிறம் ஒரு துணைச் சாட்சி மட்டுமே.

எக்ஸ்ரே

தாள் தீர்மானமாகச் சொல்லாதபோது நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையோ களுவாஞ்சிக்குடி, கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலைகளோ கிட்ட இருப்பவர்களுக்கு இது பெரிய பயணம் இல்லை. படத்தைப் பார்த்துச் சொல்வது டொக்டர். அவர் எதைப் பார்க்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம்.

படத்தின் நடுவில் மூச்சுக்குழாய் ஒரு கறுப்புப் பட்டையாக இறங்கி, மரக்கவட்டை போல இரண்டாகப் பிரியும். ரியூப் வெள்ளைக் கோடாகத் தெரியும். அந்தக் கோடு கவட்டையின் எந்தக் கிளையையும் பிடித்துப் போகாமல், கவட்டையை நடுவால் வெட்டிக்கொண்டு நேரே கீழே இறங்க வேண்டும். பிறகு வயிற்றையும் நெஞ்சையும் பிரிக்கும் தகட்டை நடுக்கோட்டில் கடக்க வேண்டும். கடந்த பிறகு இடப்பக்கம் வளைந்து, நுனி இடது தகட்டுக்குக் கீழே தெளிவாகத் தெரிய வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் "போதும்" என்று சொல்லக்கூடாது. நுனி படத்துக்கு வெளியே போயிருந்தால் கீழே இறக்கி இன்னொரு படம் எடுக்க வேண்டியதுதான்.

இவற்றுக்கெல்லாம் முந்தி, இது இந்த ஆளின் படமா, இன்றைக்கு, இந்த ரியூப் போட்ட பிறகு எடுத்ததா? சிரிக்காதீர்கள். நேற்றைய படத்தைப் பார்த்து இன்றைய ரியூப்புக்குச் சரி சொல்வது உலகம் முழுக்க நடந்த பிழை. கட்டிலுக்கடியில் மூன்று படங்கள் சுருண்டு கிடக்கும் வாட்டில் இது எவ்வளவு இலகு என்று எனக்குத் தெரியும்.

எக்ஸ்ரேக்கும் ஒரு குறை இருக்கிறது. அது எடுத்த நிமிடத்துக்கு மட்டும்தான் சாட்சி. ஓட்டோவில் வீட்டுக்கு வந்து, ஒரு தடவை வாந்தி எடுத்து, நித்திரையில் கையால் தட்டிய பிறகு அந்தப் படத்துக்குப் பெறுமதி இல்லை.

கோடும் பிளாஸ்ரரும்

இடம் உறுதியானதும் மூக்கு வாசலில் ரியூப்பைச் சுற்றி அழியாத பேனையால் ஒரு கோடு போட வேண்டும். அந்த இடத்தின் சென்ரிமீற்றர் எண்ணையும், வெளியே தொங்கும் பகுதியின் நீளத்தையும் எழுதி வைக்க வேண்டும். டிக்கட் வெட்டும்போது இந்த இரண்டு எண்களையும் கேட்டு வாங்குங்கள். ரைல்ஸ் ரியூப்பில் இடைக்கிடைதான் அடையாளம் இருக்கும், அதனால் வெளியே தொங்கும் நீளத்தைத் தையல் நாடாவால் அளப்பது வீட்டுக்கு நல்ல வழி.

பிளாஸ்ரரை ஒட்டுமுன் மூக்கின் எண்ணெய்ப் பசையைத் துடைத்து உலரவிடுங்கள். எங்கள் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் காலையில் ஒட்டியது மாலையில் கழன்று வரும். தினம் மாற்றுங்கள். துவாரத்தின் விளிம்பை மேல்நோக்கி இழுத்து ஒட்டவேண்டாம், அங்கே புண் வரும். மிச்சத்தைக் கன்னத்தில் ஒட்டி, காதுக்குப் பின்னால் கொண்டுபோய் விட்டால் கை தட்டுப்படாது.

வீட்டில், ஒவ்வொரு முறையும்

கை கழுவி, ஆளை முப்பதிலிருந்து நாற்பத்தைந்து பாகைவரை சரித்து இருத்துங்கள். இரண்டு தலையணையை முதுகுக்கு மட்டும் வைத்தால் சறுக்கி மடங்கிப்போவார். முழங்காலுக்குக் கீழே ஒரு சாரத்தைச் சுருட்டி வையுங்கள். பிறகு கோட்டைப் பாருங்கள், நீளத்தை அளந்து பாருங்கள், டோர்ச் அடித்து வாய்க்குள் பாருங்கள். கோடு அசையாமலே ரியூப் வாய்க்குள் சுருண்டிருப்பது வாந்தி, கடும் இருமலுக்குப் பிறகு நடக்கும். அடுத்து உறிஞ்சி, தாளில் பார்த்து, எண்ணைக் கொப்பியில் எழுதுங்கள். தாளைக் கிளினிக்கில் கேட்டு வாங்கி, ஈரம் படாமல் மூடி வைத்தால் நாள்பிடிக்கும்.

கொப்பி என்றது சும்மா இல்லை. ஒரு வீட்டில் பேத்தி, ஓஎல் படிக்கும் பிள்ளை, சதுரக்கோட்டுக் கொப்பியில் நேரம், நீளம், எண், கொடுத்த அளவு என்று நிரல் போட்டு எழுதி வைத்திருந்தாள். வழக்கமாக 4, 4.5 என்று வந்த எண் ஒரு கிழமையாக 6 ஆகியிருந்தது. கோடு அசையவில்லை. விசாரித்துப் பார்த்தால், கிளினிக்கில் புதிதாக ஒமெப்ரசோல் தொடங்கியிருந்தார்கள். டொக்டருக்குச் சொல்லி, எக்ஸ்ரே எடுத்து, ரியூப் சரியான இடத்திலேயே இருப்பதை உறுதிப்படுத்தினோம். அந்தக் கொப்பி இல்லாவிட்டால் எண் எப்போது மாறியது என்றே யாருக்கும் தெரிந்திருக்காது.

சந்தேகம் வந்தால்

கோடு வெளியே வந்திருந்தால், எண் பொருந்தாவிட்டால், வாந்தி எடுத்திருந்தால், புதிதாக இருமலோ மூச்சுத்திணறலோ வந்தால், பேச்சில் ஈரக் கரகரப்புக் கேட்டால், கொடுக்க வேண்டாம். கொடுத்துக்கொண்டிருக்கும்போது என்றால் அந்த இடத்திலேயே நிறுத்தி, ரியூப்பை மூடி, நிமிர்த்தி இருத்துங்கள். மூச்சு முட்டினால் 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

மண்டூரிலிருந்து ஒரு மகள் விடிய ஐந்தரைக்கு எடுத்தாள். "மிஸ்ஸி, கோடு நாலு விரக்கடை வெளிய வந்து கிடக்கு. நான் மெல்லமாத் தள்ளி விடவா?"

"தள்ளாதீங்க புள்ள. மூச்சு எப்பிடி?"

"சும்மா நல்லா இருக்கார். பசிக்குதெண்டு கையக் காட்டுறார். கஞ்சியக் குடுத்துட்டு மறுகா வரட்டா?"

"ஒண்டும் குடுக்காதீங்க. பிளாஸ்ரர அப்பிடியே ஒட்டிட்டு வாங்க."

தள்ளினால் என்ன என்று அவளுக்குப் பிறகு விளக்கினேன். வெளியே வரும்போது நுனி எவ்வளவு தூரம் மேலே வந்தது என்று தெரியாது. தொண்டைவரை வந்துவிட்டுத் திரும்ப இறங்கினால் எந்த வாசலுக்குள் இறங்கும் என்றும் தெரியாது. கம்பி வைத்த மெல்லிய ரியூப் என்றால் இன்னொன்று: எடுத்த கம்பியை ஆளின் உள்ளே இருக்கும் ரியூப்புக்குள் திரும்ப விடவே கூடாது, துவாரத்தால் வெளியே வந்து குத்திவிடும்.

அவள் தகப்பனை ஓட்டோவில் ஏற்றி, விடிய ஓடும் முதல் 'பாதை'யில், அதாவது வாகனங்களையும் ஏற்றும் மிதவையில், குருமண்வெளிக்கு வாவியைக் கடந்து வந்தாள். பாதையில் நின்றவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்களாம், ஒருவர் இளநீர் விடச் சொன்னாராம். எக்ஸ்ரேயில் நுனி நெஞ்சுக்கு நடுவில், உணவுக்குழாயில் நின்றது. கஞ்சி விட்டிருந்தால் முழுவதும் தொண்டைக்கு ஏறியிருக்கும்.

அவள் வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி வேறு: "இன்சுலின் அடிச்சாச்சா?" சீனி வருத்தக்காரருக்கு ஊசி போட்ட பிறகு ரியூப் பிரச்சினை வந்து உணவு நின்றால், நேரம் போகப் போகச் சீனி இறங்கும். வாயாலும் கொடுக்க முடியாது. வியர்த்தால், நடுங்கினால், பேச்சுத் தடுமாறினால் காத்திருக்க வேண்டாம். ஆகவே ரியூப்பைச் சோதித்த பிறகே ஊசி என்று டொக்டரிடம் கேட்டு ஒழுங்கு செய்துகொள்ளுங்கள்.

கொடுப்பதும் அடைப்பதும்

இடம் உறுதியானதும் முப்பது மில்லி ஆறிய தண்ணீர் விட்டுத் தொடங்குங்கள், முடிவிலும் அவ்வளவு விடுங்கள். சிரிஞ்சின் தண்டைக் கழற்றிவிட்டு, தூக்கிப் பிடித்துத் தானாக இறங்கவிட வேண்டும், அழுத்தித் தள்ளுவதில்லை. சத்துமா, சூப் எதுவானாலும் மெல்லிய வடியால் இரண்டு தடவை வடிக்க வேண்டும். ஆறும்போது கட்டியாகும் அரிசிக் கஞ்சிதான் அதிகம் அடைக்கிறது. குளிசைகளை ஒவ்வொன்றாக அரைத்துக் கரைத்து விடுங்கள். மெதுவாகக் கரையும்படி செய்த குளிசைகளை அரைக்கக்கூடாது, பார்மசியில் கேட்டுக்கொள்ளுங்கள். அடைத்தால் இளஞ்சூட்டுத் தண்ணீர், பொறுமை. கம்பி, ஈர்க்கில் எதுவும் விட்டுக் குத்தவேண்டாம். முடிந்த பிறகு ஆகக் குறைந்தது அரை மணித்தியாலமாவது ஆள் சரிந்து இருக்கவேண்டும். உடனே படுக்க வைத்தால் சரியான இடத்தில் உள்ள ரியூப்பாலும் கஞ்சி மேலே ஏறும்.

மாற்றுவது, கழற்றுவது

சாதாரண ரைல்ஸ் ரியூப் இரைப்பை அமிலத்தில் கிடந்து விறைத்துப்போகும். ஒரு கிழமை, பத்து நாளில் மாற்றுவது வழக்கம், மற்றப் பக்க மூக்கால். பொலியூரித்தேன், சிலிக்கோன் ரியூப்கள் கிழமைக்கணக்கில் இருக்கும், மென்மையும் கூட. வாங்க வசதியிருந்தால் டொக்டரிடம் கேட்டுப் பாருங்கள். ஒன்றிரண்டு மாதத்துக்கு மேல் ரியூப் தேவைப்படும் போலத் தெரிந்தால் வயிற்றால் நேரே இரைப்பைக்குள் வைக்கும் ரியூப்பைப் பற்றிப் பேசத் தொடங்கலாம். ஆக்கள் வயிற்றில் துளை என்றதும் பயப்படுகிறார்கள். மூக்கால் பிடுங்குப்படுவதும் திரும்பத் திரும்பப் போடுவதும் அதைவிடக் கஷ்டம் என்பது என் அபிப்பிராயம்.

விழுங்கல் திரும்பி வந்ததா என்பதை வீட்டில் ஒரு வாய் தேத்தண்ணி கொடுத்துப் பார்க்காதீர்கள். பேச்சு சிகிச்சையாளர் சோதித்துச் சொல்வார். தண்ணியைவிடக் கட்டியான உணவுதான் சிலருக்கு முதலில் இறங்கும்.

கழற்றும் நாளில் நேர்ஸ் பிளாஸ்ரரை நனைத்து உரித்து, ரியூப்பை மடக்கி இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஆளை மூச்சைப் பிடிக்கச் சொல்லி, ஒரே சீராக இழுத்தெடுப்பார். மடக்காமல் இழுத்தால் உள்ளே நிற்கும் திரவம் தொண்டை வழியே போகும்போது மூச்சுக்குழாய்க்குள் சொட்டிவிடும். நுனி முழுதாக வந்ததா என்று பார்த்துவிட்டு வாய் கொப்பளிக்க, அல்லது துடைத்துவிட, மூக்கைச் சீறவிட வேண்டும். மண்டூர் ஐயாவுக்கு முதலில் கொடுத்தது ஒரு தேக்கரண்டி தயிர். மகள் பக்கத்தில் நின்று அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விழுங்கினார், செருமிவிட்டு, "சீனி போடல்லியா?" என்று கேட்டார்.